தெளிந்த நீரும் தேறாத வடிகட்டிகளும்

1894இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' ஒரு நீண்ட ஆய்வறிக்கையை வெளியிட்டது. எழுதியவர்கள் சிம்ஸ் உட்ஹெட், கார்ட்ரைட் வுட் என்ற இரண்டு நோய்க்குறியியல் ஆய்வாளர்கள். அன்று பிரிட்டனில் விற்பனையில் இருந்த வீட்டு வடிகட்டிகளை எடுத்து, கிருமி கலந்த நீரை மேலே ஊற்றி, கீழே குழாயில் வருவதில் அதே கிருமி இருக்கிறதா என்று பார்த்திருந்தார்கள். கரிக்கட்டி வைத்தவை, இரும்புத்துகள் நிரப்பியவை, ஆஸ்பெஸ்டாஸ் துணி போர்த்தியவை என எதை எடுத்தாலும் பெரும்பாலானவை கிருமியை அப்படியே கீழே விட்டன. நோயைத் தடுக்கும் என்று அவர்கள் உறுதியாகச் சொல்ல முடிந்தது பாஸ்டர்-சேம்பர்லண்ட் பீங்கான் வடிகட்டி ஒன்றைத்தான். இந்தத் தோல்வியைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. தேறாமல்போன வகைகளில் பல அதற்கு முன்பு பல்லாண்டுகளாக வீடுகளில் இருந்தவை; பெயர்பெற்ற வேதியியலாளர்களின் நற்சான்றிதழோடு விற்றவை. அந்தச் சான்றிதழ்கள் பெரும்பாலும் பொய்யும் இல்லை. எதை அளந்தார்களோ அதில் அந்த வடிகட்டிகள் உண்மையாகவே தேறியிருந்தன.

நீர் வடிகட்டியின் வரலாற்றைக் கரி, மணல், பீங்கான், சவ்வு என்று பொருள்களின் வரிசையாக எழுதுவது வழக்கம். சோதனைகளின் வரிசையாக எழுதிப் பார்த்தால் கதை வேறு மாதிரி வருகிறது. ஒவ்வொரு தலைமுறையும் தன் கைக்கு எளிதில் எட்டிய ஓர் அளவைப் பிடித்துக்கொண்டது. அந்த அளவு குறைந்தால் நீர் தூய்மையாகிவிட்டது என்று நம்பியது. அந்த அளவுக்கும் நோய்க்கும் இடையிலான தொடர்பு அறுந்துபோன பிறகும் அளவை விடவில்லை. ஏனென்றால் அதற்குள் அதைச் சுற்றி ஒரு வணிகம் வளர்ந்திருந்தது. இன்று நம் வீட்டு வாசலில், நீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரோடு வந்து நிற்கும் விற்பனையாளர் இந்த வரிசையில் கடைசியாகச் சேர்ந்தவர். இதை நிறுவ லண்டனிலிருந்தே தொடங்க வேண்டும். வீட்டு வடிகட்டி பெருவணிகமாக உருவெடுத்த நகரங்களில் அது முதன்மையானது.

கண்ணும் நாக்கும்தான் முதல் சோதனைக் கருவிகள். கலங்கிய நீர் உள்ள பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரசித் தெளியவைக்கும் வழக்கம் கலித்தொகைக் காலத்திலேயே உவமையாகும் அளவுக்குப் பழகியிருந்தது. அதில் உண்மையான பயனும் உண்டு: கலங்கலைச் சேர்த்துப் பிடித்து அடியில் இறக்கும்போது கிருமியில் ஒரு பகுதியும் கூடவே இறங்கும். லண்டனில் 1827இல் ஒரு துண்டுப் பிரசுரம் தேம்ஸ் ஆற்றில் சாக்கடை வாய்க்கு அருகிலேயே குடிநீர் எடுக்கப்படுவதை அம்பலப்படுத்தியது. அடுத்த ஆண்டு வில்லியம் ஹீத் வரைந்த கேலிச்சித்திரம் ஒரு துளி தேம்ஸ் நீரில் நெளியும் பூதங்களைக் காட்டியது. 1829இல் ஜேம்ஸ் சிம்ப்சன் செல்சி நிறுவனத்துக்காக மணல் வடிகட்டி கட்டினார். 1852இல் வந்த சட்டம் தேம்ஸ் நீரை வடிகட்டியே வழங்க வேண்டும் என்றது. இத்தனையிலும் எதிரியாகக் கருதப்பட்டது கலங்கலும் நாற்றமும்தான். நீர் தெளிந்தால் வழக்கு முடிந்தது. இந்த அளவுகோல் எவ்வளவு ஆபத்தானது என்பதை 1854இல் லண்டனில் காலரா பரவியபோது பிராட் தெருக் கைப்பம்பு காட்டியது. அந்தப் பம்பு நீருக்கு ருசியானது, குளிர்ச்சியானது என்று பெயர். ஹாம்ப்ஸ்டெட்டுக்குக் குடிபோயிருந்த ஒரு விதவை, பழகிய ருசியை விட மனமில்லாமல், அந்த நீரையே புட்டியில் வரவழைத்துக் குடித்துவந்தார். அவர் குடியிருந்த பகுதியில் காலராவே இல்லை. அவர் இறந்தார். தொற்றைக் கொண்டுபோனது அந்த நீர்தான் என்பதற்கு மருத்துவர் ஜான் ஸ்னோ காட்டிய மிக வலுவான சான்று அந்த ஒரு மரணம். அதே ஸ்னோ பம்பு நீரை முதலில் எடுத்துப் பார்த்தபோது குற்றம் சொல்லும்படி பெரிதாக எதுவும் அவர் கண்ணுக்குப் படவில்லை.

கண் தோற்ற இடத்தில் வேதியியல் வந்து உட்கார்ந்தது. எட்வர்ட் ஃபிராங்க்லண்ட் 1860களின் நடுவிலிருந்து லண்டன் நீரை மாதந்தோறும் பகுத்தாய்ந்து அறிக்கை எழுதினார். நீரை வற்றவைத்து, எஞ்சிய பொடியை எரித்து, அதிலிருந்த கரிமக் கார்பனையும் நைட்ரஜனையும் அளப்பது அவர் முறை. அவருடைய தீராப் பகைவரான ஜேம்ஸ் ஆல்ஃபிரட் வாங்க்லின் 1867இல் இன்னொரு முறை கொண்டுவந்தார்: பெர்மாங்கனேட்டும் காரமும் சேர்த்து நீரைக் காய்ச்சி, வெளிவரும் அம்மோனியாவை நிறத்தை வைத்து அளப்பது. இருவரும் ஒருவரையொருவர் கிழித்துத் தொங்கவிட்டார்கள். வீட்டுக்காரர்களுக்கோ இவ்வளவு தொல்லை தேவைப்படவில்லை. மருந்துக்கடையில் கிடைத்த காண்டி திரவத்தை, அதாவது பெர்மாங்கனேட் கரைசலை, ஒரு குவளை நீரில் சில சொட்டு விட்டால் போதும். இளஞ்சிவப்பு அப்படியே நின்றால் நல்ல நீர். மங்கிப் பழுப்பேறினால் கெட்ட நீர். வடிகட்டாத நீரில் நிறம் மங்கும், கரியில் வடிகட்டிய நீரில் நிறம் நிற்கும். இதைவிடக் கண்கூடான விளம்பரம் ஒரு வடிகட்டிக்கு வேறென்ன வேண்டும்? கரி நிறத்தையும் வாசனையையும் இழுத்துக்கொள்ளும் என்பது 1785இல் லோவிட்ஸ் கண்டறிந்ததிலிருந்து தெரிந்த செய்தி. கரி எதில் கெட்டியோ, அதையே சோதனையாகவும் வைத்துவிட்டார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழுவது நியாயம். அந்த வேதியியலாளர்கள் ஒன்றும் அறியாதவர்கள் அல்ல. கரிமப்பொருள் சாக்கடையின் அடையாளம், சாக்கடை நோயின் அடையாளம் என்று இரண்டு படி தாண்டித்தான் அவர்கள் கணக்குப் போட்டார்கள். நோய் விதையை வேதியியலால் நேரடியாகப் பிடிக்க முடியாது என்பதில் ஃபிராங்க்லண்டுக்கு ஐயமே இருந்ததில்லை. அதனால்தான் ஒரு நீர் இன்று எப்படி இருக்கிறது என்பதைவிட அது முன்பு சாக்கடையைத் தொட்டதா என்று கேட்டார். ஆற்றைத் தேர்ந்தெடுக்க, கிணற்றை மூட, இந்தக் கேள்வி போதுமானது. சும்மா சொல்லக்கூடாது, பல உயிர்களை அது காப்பாற்றியிருக்கும். கோளாறு, அதே அளவை வடிகட்டியின் மேல் திருப்பியபோது வந்தது. ஆற்று நீரில் கரிமப்பொருளும் கிருமியும் ஒரே சாக்கடையிலிருந்து சேர்ந்து வருகின்றன. ஒன்று கூடினால் மற்றதும் கூடியிருக்கும் என்று ஊகிக்கலாம். வடிகட்டிக்குள் அந்த உறவு கிடையாது. கரி கரைந்த பொருளை இழுத்துக்கொள்ளும், மிதக்கும் கிருமியை விட்டுவிடும். அடையாளத்தை மட்டும் அழித்துவிட்டு ஆபத்தை அப்படியே கீழே அனுப்பும் கருவி, அடையாளத்தை அளக்கும் சோதனையில் முதல் மதிப்பெண் வாங்கத்தானே செய்யும்? மூல நீரை மதிப்பிடப் பொருந்தும் அளவு, வடிகட்டியை மதிப்பிடப் பொருந்தாமல் போகலாம். இந்த வேறுபாட்டை மறந்ததுதான் அக்காலத்தின் பிழை, நம் காலத்தின் பிழையும்.

கரிக்கு இன்னொரு குணமும் இருந்தது. ஃபிராங்க்லண்ட் இடம்பெற்ற ஆற்று மாசு ஆணையம் 1874இல் வெளியிட்ட ஆறாவது அறிக்கையில், எலும்புக்கரி வடிகட்டிகளை உரிய காலத்தில் மாற்றாமல் தேம்ஸ் நீருக்குப் பயன்படுத்தினால் கரிக்குள்ளேயே சிறு புழுக்கள் பெருகி நீரோடு வெளியே வருகின்றன என்று பதிவாகியிருக்கிறது. இழுத்துப் பிடித்த கரிமப்பொருள் உயிர்களுக்குத் தீனியாகிவிட்டது. பத்தாண்டு கழித்து எட்வர்டின் மகன் பெர்சி இதற்குக் கணக்குக் கொடுத்தார். 1881இல் ஜெர்மன் கிருமியியலாளர் ராபர்ட் கோக் லண்டனில் வந்து காட்டிவிட்டுப் போன ஜெலட்டின் தட்டு முறை கைக்கு வந்திருந்தது: நீரை ஜெலட்டினில் கலந்து கண்ணாடித் தட்டில் ஊற்றி வைத்தால் ஒவ்வொரு கிருமியும் ஒரு புள்ளியாக வளரும், புள்ளிகளை எண்ணினால் போதும். 1885இல் அவர் பச்சை மணல், எலும்புக்கரி, இரும்புத்துகள், செங்கல்தூள், கல்கரி எனப் பல பொருள்களில் நீரை விட்டு எண்ணினார். எண்ணியதோடு நிற்காமல் சில நாள் கழித்து எண்ணினார், ஒரு மாதம் கழித்து மறுபடி எண்ணினார். அவர் ஆய்வின் மதிப்பு முழுவதும் இந்த மறுபடியில்தான் இருக்கிறது. முதல் நாளில் எலும்புக்கரி கிருமியே இல்லாத நீரைக் கொடுத்தது. ஒரு மாதத்தில், உள்ளே போன நீரைவிட வெளியே வந்த நீரில் கிருமி பல மடங்கு கூடியிருந்தது. கடையில் காட்டியபோது வடிகட்டியாக இருந்தது, சமையலறைக்கு வந்த ஒரு மாதத்தில் கிருமிப் பண்ணையாகிவிட்டது.

மணல் நேர் எதிர். பெர்லினில் கார்ல் பீஃப்கே, நன்றாகக் கொதிக்கவைத்துத் தூய்மையாக்கிய மணலில் நீரை விட்டுப் பார்த்தபோது கிருமி தாராளமாகக் கடந்து வந்தது. நாள் செல்லச்செல்ல மணல் மேல் வழவழப்பான ஓர் உயிர்ப்படலம் படர்ந்தது. அதன்பின் கிருமி நின்றது. ஆக, புதுக்கரி தேறும், பழங்கரி தேறாது. புதுமணல் தேறாது, பழமணல் தேறும். சோதனையை எந்த நாளில் செய்கிறோம் என்பதே முடிவை மாற்றிவிடும்போது, ஒரே ஒரு நாளின் எண்ணை வைத்துத் தரும் சான்றிதழுக்கு என்ன பொருள்?

இந்தக் கேள்விக்கு விடை ஆய்வகத்திலிருந்து வரவில்லை, எல்பா ஆற்றங்கரையிலிருந்து வந்தது. 1892 ஆகஸ்டில் ஹாம்பர்க் நகரில் காலரா வெடித்தது. சில வாரங்களில் 8,600 பேருக்கு மேல் இறந்தார்கள். ஹாம்பர்க்கோடு ஒட்டிக்கிடந்த அல்டோனாவில் இறந்தவர்கள் 300 சொச்சம்; அதிலும் பலர் ஹாம்பர்க்கில் தொற்றிக்கொண்டு வந்தவர்கள். இரண்டு ஊரும் குடித்தது ஒரே ஆற்றை. ஹாம்பர்க் மேலாற்றில் எடுத்து வடிகட்டாமல் கொடுத்தது. அல்டோனா கீழாற்றில், ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு எடுத்து, மணலில் வடிகட்டிக் கொடுத்தது. ஊர் எல்லையான தெருவில் ஒரு பக்க வீடுகளில் சாவு, எதிர்ப்பக்கத்தில் இல்லை. ஆனால் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது அதற்குப் பின்வந்த குளிர்காலத்தை. அல்டோனாவிலும் காலரா தலைகாட்டியது. கோக் போய் நோண்டியபோது, வடிகட்டிய நீரின் கிருமி எண்ணிக்கை அதற்குச் சற்று முன்பு ஏறியிருந்ததும், ஒரு மணற்படுகை துப்புரவு செய்யும்போது உறைந்து கெட்டிருந்ததும் தெரிந்தன. எல்லாப் படுகையின் நீரையும் கலந்து ஒரே எண்ணாகப் பார்த்தால் இந்த ஒன்றின் தவறு மற்றவற்றின் நல்ல பெயரில் கரைந்துவிடும். அதனால் 1893இல் அவர் கேட்டது: ஒவ்வொரு படுகையையும் தனித்தனியாக, ஒவ்வொரு நாளும் எண்ண வேண்டும், ஒரு கன சென்டிமீட்டரில் 100 கிருமிக்கு மேல் இருந்தால் அந்த நீரை வழங்கக்கூடாது. எந்த மணல், எத்தனை அடி என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம். வடிகட்டியை நம்பாதே, அன்றாடம் அது தரும் நீரை எண்ணு என்பதே விதி. சென்னையில் 1872இலிருந்து செங்குன்றம் ஏரி நீர் திறந்த கால்வாயில் வடிகட்டாமலே வந்துகொண்டிருந்தது. 1914இல் பொறியாளர் மாட்லியின் திட்டப்படி கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் வந்தபோது, நீரின் கிருமியை எண்ணத்தெரிந்த கிண்டி கிங் நிலையம் அதற்கு முன்பே ஊரில் இருந்தது. எண்ணும் இடம் முந்தி, வடிகட்டி பிந்தி. அமைந்த வரிசை நல்ல வரிசைதான்.

வீட்டு வடிகட்டிக்குத் திரும்பலாம். பாஸ்டரின் ஆய்வுக்கூடத்தில் வேலைபார்த்த சார்ல் சேம்பர்லண்ட் 1884இல் மெருகிடாத பீங்கானால் செய்த குழல், கிருமியைத் தடுத்து நிறுத்தியது. நம் வீடுகளில் எவர்சில்வர் பாத்திரத்துக்குள் நிற்கும் வெள்ளைக் கேண்டிலுக்கு அது கொள்ளுப்பாட்டன். ஆனால் பேரனுக்குப் பாட்டனின் சான்றிதழ் செல்லாது. கேண்டிலில் மயிரிழை விரிசல் விழுந்தாலோ, மரையில் ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டாலோ நீர் பீங்கானைத் தொடாமலே கீழே இறங்கிவிடும். அப்போதும் மேலே சேறு படியும், தேய்த்துக் கழுவினால் பழுப்பு நீர் ஓடும், வேலை நடக்கிறது என்ற நிம்மதி வரும். விரிசலே இல்லாத பீங்கானிலும் சில நாள்களில் கிருமி சுவருக்குள்ளேயே வளர்ந்து மறுபக்கம் வந்துவிடும் என்பது 1890களிலேயே தெரிந்தது. அதனால்தான் அவ்வப்போது கழற்றிக் கொதிக்கவைக்கச் சொன்னார்கள். இன்னும் பெரிய அடி வேறு துறையிலிருந்து விழுந்தது. 1892இல் ரஷ்யாவில் இவனோவ்ஸ்கி, நோயுற்ற புகையிலை இலையின் சாற்றைச் சேம்பர்லண்ட் குழலில் வடித்தார். வடிந்த சாறு நல்ல இலைக்கும் நோயைக் கொடுத்தது. வைரஸ் என்ற வகையே அந்த வடிகட்டியின் வழியாகத்தான் மனிதருக்கு அறிமுகமானது: நுழைய முடியாது என்று நினைத்த வாசலில் நுழைந்து வந்த ஒன்றாக.

கிருமியை எண்ணும் சோதனையும் கடைசிச் சொல் அல்ல என்பதற்கு டெல்லியைவிடக் கசப்பான சான்று இல்லை. 1955இல் யமுனை வழி மாறி ஒதுங்க, நஜாஃப்கர் சாக்கடை நீர் வசீராபாத்தில் குடிநீர் எடுக்கும் இடத்துக்கு ஏறி வந்தது. நிலையத்தில் இருந்தவர்கள் தூங்கவில்லை. படிகாரத்தையும் குளோரினையும் கூட்டினார்கள். டைஃபாய்டோ சீதபேதியோ பெருகவில்லை. பாக்டீரியாவை வைத்துப் பார்த்தால் நிலையம் தேறிவிட்டது. அந்தக் குளிர்காலத்தில் டெல்லியில் ஏறத்தாழ 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. காரணம் ஹெபடைடிஸ் ஈ என்ற வைரஸ் என்று தெளிவாக மேலும் கால் நூற்றாண்டு ஆனது. 19ஆம் நூற்றாண்டுக் கரிமப்பொருள் கணக்கு கிருமியிடம் தோற்றதைப் போலவே, 20ஆம் நூற்றாண்டுப் பாக்டீரியாக் கணக்கு வைரஸிடம் தோற்றது. பிற்காலத்து நெறிமுறைகளில் இந்தத் தோல்விகளின் தழும்பு தெரிகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை வீட்டு நீர்ச் சுத்திகரிப்பான்களுக்காக 1987இல் வகுத்த நெறிமுறை மூன்று எதிரிகளைத் தனித்தனியே உள்ளே விடச் சொல்கிறது. பாக்டீரியா 10 லட்சம் போனால் ஒன்றுக்கு மேல் வரக்கூடாது. வைரஸ் 10,000க்கு ஒன்று. ஜியார்டியா போன்றவற்றின் கூடு 1,000க்கு ஒன்று. நல்ல நீரில் ஒருமுறை பார்த்துவிட்டு விடுவதில்லை. கலங்கலான, குளிர்ந்த, உப்பு மிகுந்த நீரில், வடிகட்டியின் ஆயுள் முடியும் தறுவாயில், ஓடாமல் இரண்டு நாள் தேங்கவிட்ட பிறகு என்று, வடிகட்டிக்கு ஆகாத நேரமாகப் பார்த்து நீர் எடுக்கிறார்கள். மாசை வேண்டுமென்றே போட்டு, போனதையும் வந்ததையும் எண்ணி, முதுமையிலும் எண்ணுவது: நூறாண்டுப் பாடம் இவ்வளவுதான்.

இனி நம் வாசல். விற்பனையாளர் இரண்டு கண்ணாடிக் குவளைகளில் நீர் வைக்கிறார். ஒன்றில் நம் வீட்டுக் குழாய் நீர், மற்றதில் அவருடைய ஆர்.ஓ. இயந்திரம் சவ்வின் வழியே உப்பைக் கழித்துத் தரும் நீர். இரும்புக் கம்பியும் அலுமினியக் கம்பியும் பொருத்திய ஒரு சிறு கருவியை இரண்டிலும் இறக்கி மின்சாரத்தைப் போடுகிறார். ஒரு நிமிடத்துக்குள் குழாய் நீர் பழுப்பாகி, பச்சைக் கறுப்பாகி, சேறு போலத் திரிகிறது, ஆர்.ஓ. நீர் அப்படியே நிற்கிறது. வீட்டில் இருப்பவர்கள் முகம் மாறிவிடும். அந்தச் சேறு நீரில் இருந்ததல்ல, கம்பியிலிருந்து கரைந்த இரும்பு. உப்புள்ள நீர் மின்சாரத்தைக் கடத்தும், அதனால் இரும்பு கரைந்து துருவாகிறது. உப்பில்லாத நீர் கடத்தாது, அதனால் ஒன்றும் ஆகவில்லை. ஆர்.ஓ. நீரில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டு அதே கம்பியை இறக்கச் சொன்னால் அதுவும் சேறாகும். காண்டி திரவத்தின் இளஞ்சிவப்பிலாவது கரிமப்பொருளைப் பற்றிய ஓர் உண்மை இருந்தது. இதில் அதுவும் இல்லை. டிடிஎஸ் மீட்டர் இதைவிட நேர்மையான கருவி. ஆனால் அதுவும் அளப்பது மின்கடத்தலைத்தான், அதிலிருந்து கரைந்த உப்பை ஊகித்துச் சொல்கிறது. ஒரு லிட்டரில் 10 லட்சம் ஈ.கோலை பாக்டீரியா இருந்தாலும் அவற்றின் உலர்ந்த எடை ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. ஆர்சனிக்கின் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்; அது பத்து மடங்கு கூடினாலும், மில்லிகிராம் மில்லிகிராமாக ஏறும் மீட்டர் அசையாது. கொல்லக்கூடிய எதையும் காட்டாத எண் ஒன்று, திரையில் பளிச்சென்று தெரிவதால், தூய்மையின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது.

இதற்கு வரும் மறுப்பை லேசாகத் தள்ளக்கூடாது. சென்னையின் தெற்குப் புறநகர்களிலும் கடலோர ஊர்களிலும் ஆழ்துளைக் கிணற்று நீர் வாயில் வைக்க முடியாத உப்பு. இந்தியத் தரநிலை 10500 கரைந்த உப்புக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமை ஏற்கத்தக்க வரம்பாகவும், வேறு வழி இல்லாத இடத்தில் 2,000 வரையும் சொல்கிறது. அதையும் தாண்டிய நீருக்கு மீட்டரைவிட விரைவான வழி இல்லை. தவிர, சவ்வு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கவும் மீட்டர் உதவும். உள்ளே போகும் நீரையும் வெளியே வரும் நீரையும் மாதம் ஒருமுறை அளந்து, முன்பு நூற்றுக்குத் தொண்ணூறு கழித்த சவ்வு இப்போது அறுபதுதான் கழிக்கிறது என்றால் அது கெட்டுவிட்டது. முழுக்க ஒப்புக்கொள்கிறேன். அது முன்னும் பின்னும் அளந்து, காலத்தோடு ஒப்பிடும் அளவு. பெர்சி ஃபிராங்க்லண்ட் செய்த அதே வேலை. வீட்டில் நடப்பதோ வெளியே வருவதை மட்டும் ஒருமுறை அளந்து, எண் சின்னதாக இருந்தால் மகிழ்வது. பல இயந்திரங்களில் ருசிக்காக உப்பைக் கூட்ட ஒரு திருகு இருக்கிறது. அது சவ்வைக் கடக்காத நீரில் கொஞ்சத்தைக் கலக்கிறது. அந்தத் திருகு திறந்திருக்கும் இயந்திரத்தில் மீட்டர் சொல்வது சவ்வைப் பற்றியா திருகைப் பற்றியா? 2019இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், கரைந்த உப்பு 500க்குக் கீழ் உள்ள இடங்களில் ஆர்.ஓ. வேண்டாம் என்றது. வீணாகும் நீரை நினைத்தால் சரியான கவலைதான். ஆனால் 500க்குக் கீழ் என்றால் நல்ல நீர் என்று அதை வாசித்தவர்களும் உண்டு. பிராட் தெரு விதவைக்கு வந்த நீரும் ருசியில் தேறிய நீர்தான்.

சுற்றி வளைப்பானேன், நோய் குறைந்ததா என்று பார்த்துவிட்டால் போகிறது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு வகையில் அதுவே நேரான சோதனை. சில நேரம் ஆய்வகத்தையே அது திருத்தியிருக்கிறது. பழம்புடவையை நான்காக மடித்து நீர் வடிப்பது ஆய்வகக் கணக்கில் தேறவே தேறாது, காலராக் கிருமிக்கு அந்தத் துளைகள் அவ்வளவு பெரியவை. ஆனால் அந்தக் கிருமி நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களின் மேல் ஒட்டிக்கொண்டு திரிகிறது. புடவை அவற்றைப் பிடித்துவிடும். வங்கதேசத்து மத்லாப் பகுதிக் கிராமங்களில் ரீட்டா கால்வெல் குழுவினர் செய்து 2003இல் வெளியிட்ட ஆய்வில் காலரா 48 சதவீதம் குறைந்தது. ஆனால் நோய்க் கணக்குக்கு ஒரு பலவீனம் உண்டு: வடிகட்டி வைத்திருப்பவருக்கு அது தெரியும். 1991இல் மான்ட்ரியல் புறநகரில், ஆர்.ஓ. பொருத்திய வீடுகளில் வயிற்று நோய் மற்ற வீடுகளைவிட 35 சதவீதம் குறைவு என்று ஓர் ஆய்வு சொன்னது. எந்த வீட்டில் எது இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த ஆய்வு அது. 2001இல் வெளியான மெல்போர்ன் ஆய்வு 600 குடும்பங்களில் பாதிக்கு உண்மை வடிகட்டியும் பாதிக்கு உள்ளே ஒன்றுமில்லாத போலியும் கொடுத்து, எது எவரிடம் என்று சொல்லாமல் 68 வாரம் கணக்கெடுத்தது. வேறுபாடு எதுவும் இல்லை. இரண்டும் முரண் என்று நான் நினைக்கவில்லை. மெல்போர்னின் நீர் ஆளரவமற்ற காடுகளிலிருந்து வருவது, மான்ட்ரியலில் குடித்தது கழிவு கலந்த ஆற்றைச் சுத்திகரித்து. நல்ல நீருக்குப் போட்ட வடிகட்டி நோயைக் குறைக்கவில்லை என்றால் குறைக்க அங்கே நோய் இல்லை என்பதுதான் பொருள். எந்தக் கணக்கும் மூல நீரைத் தெரியாமல் தனியே நிற்காது.

அப்படியானால் வீட்டில் இருப்பவர் என்ன செய்ய முடியும், எல்லோரும் ஆய்வகம் வைக்கவா முடியும் என்பது கடைசி மறுப்பு. முழு ஆய்வகம் வேண்டாம். மாஞ்சாவும் உடன் ஆய்வாளர்களும் 1982இல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து புழக்கத்துக்கு வந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு புட்டி இந்தியாவிலேயே பிறந்தது, விலையும் குறைவு. மருந்தில் தோய்த்து உலர்த்திய காகிதத் துண்டு உள்ளே இருக்கும். நீரைக் கோடு வரை ஊற்றி மூடி, நம் ஊர் வெயில் சூட்டில் ஓரிரு நாள் வைத்தால் போதும். மலக்கழிவோடு வரும் பாக்டீரியா இருந்தால் நீர் கறுத்துவிடும். நிலத்தடி நீரில் இயற்கையாகவே சல்ஃபைடு இருந்தால் கிருமி இல்லாமலும் கறுக்கும். அது ஊற்றிய சற்று நேரத்திலேயே கறுக்கும் என்பதால் கவனித்தால் பிடிபடும். வைரஸைப் பற்றி இது ஒன்றும் சொல்லாது. ஆனால் மீட்டர் ஒருநாளும் கேட்காத கேள்வியை இது கேட்கிறது. எங்கே நீர் எடுப்பது என்பதிலும் பழைய பாடம் உதவும். ஆர்.ஓ. இயந்திரத்தில் சவ்வைக் காப்பதற்காக முன்னால் வைத்த கரி குளோரினைத் தின்றுவிடுகிறது. ஆகவே உள்தொட்டியில் தேங்கும் நீருக்குக் காவல் இல்லை. இயந்திரத்தைப் பொருத்திய அன்று எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். இரண்டாம் ஆண்டில், ஒருவாரம் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்த் திரும்பிய நாளில், குழாயைத் திறந்ததும் வரும் முதல் நீரை ஒரு புட்டியிலும், அன்றே மேல்நிலைத் தொட்டி நீரை இன்னொரு புட்டியிலும் பிடித்து, இரண்டையும் அருகருகே வைக்க வேண்டும்.